துணைக்கு ஒருத்தர்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்கம்மா உயிரோட இருக்காங்கன்னு நாமக்கல் போய் ஒரு பேப்பரைக் குடுத்துட்டு வரணும்.

அவ்வளவுதாங்க. திருச்செங்கோட்டுல பஸ் ஏறினா ஒரு மணி நேரம். பேப்பரை நீட்ட ரெண்டு நிமிஷம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்னு நான் வேலை பாக்கற போர்வெல் ரிக் ஸ்பேர்ஸ் கடையில அரை நாள் லீவுதான் போட்டேன்.

எங்கம்மா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்சவங்க. அதுக்கு மாசாமாசம் சின்னதா ஒரு பென்ஷன். வருஷத்துக்கு ஒரு தடவை மிஷின்ல விரலை வச்சு, நான் இருக்கேன்னு நிரூபிக்கணும். அடுப்புல வெந்து வெந்து அம்மா விரல்ல ரேகையே இல்லை. மிஷின் அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிடுச்சு. ரெண்டு மாசமா பணம் வரலை.

நேர்ல போய் நிக்கலாம்னா முட்டி வலி. அதனால டாக்டர்கிட்ட கையெழுத்தும் சீலும் வாங்கி ஒரு உயிர்ச்சான்று தயார் பண்ணினோம். நேத்து மத்தியானம் ஒரு மணிக்குள்ள குடுத்தா இந்த மாச லிஸ்ட்ல சேரும்.

நான் காசு குடுத்தா அம்மா வாங்க மாட்டாங்க. முட்டி மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆச்சு. "எங்காசு வரட்டும் சாமி, அப்பறம் வாங்கிக்கறேன்"ங்கறாங்க.

கிளம்பும்போது பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். "கவலைப்படாதீங்கம்மா, ஒரு மணிக்கெல்லாம் உங்களுக்கு உசுரு வந்துரும்!"

ஒம்பதரைக்கு பஸ் ஸ்டாண்ட். கவர்மென்ட் பஸ் நிக்குது. படிக்கட்டுப் பக்கத்துல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ரெண்டு விரல்ல மோதிரம், கையில ஒரு தோல் பை. எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. நம்ம பக்கத்து முன்னாள் எம்.எல்.ஏ.!

ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஜெயிச்சவர். அந்த அஞ்சு வருஷத்துல சட்டசபையில ஒரு தடவை வாயைத் திறந்தார்னு அவர் ஆளுங்க சொல்லுவாங்க. அது கொட்டாவின்னு எதிர்க்கட்சிக்காரங்க சொல்லுவாங்க.

அஞ்சு வருஷம் உக்காந்ததுக்கு ஆயுசு முழுக்கப் பென்ஷனான்னு நான் பேஸ்புக்குல கேக்காத வாரமே இல்லை. உங்களுக்கே தெரியும், நீங்கதானே லைக் போட்டீங்க.

அவர் என்னைப் பாத்துச் சிரிச்சார். "தம்பி, நாமக்கல்லுங்களா?"

"ஆமாங்க."

"கூட வர்ற ஆளு இன்னைக்கு வரலீங்க. நம்ம எம்.எல்.ஏ. பாஸுல துணைக்கு ஒருத்தர் சும்மா போலாம். வீணாத்தான போகுது, வாங்க."

கொள்கை இருக்கறவன் என்ன பண்ணியிருப்பான்? கும்பிடு போட்டுட்டுத் தனியா டிக்கெட் எடுத்திருப்பான்.

நான் அவர் பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டேன்.

முன்னாடி சீட்டுல உக்காந்திருந்த ரெண்டு பேரைக் கண்டக்டர் எழுப்பி விட்டு எங்களை உக்கார வச்சார். சொல்லவே வெக்கமா இருக்கு, நல்லாத்தான் இருந்துச்சு.

"ஊட்டுல காரு நிக்குதுங்க தம்பி," அவரா ஆரம்பிச்சார். "டீசல் விக்கற வெலைக்கு அதைய எடுக்க முடியுங்களா? சர்க்காரு பஸ் பாஸு குடுத்திருக்கையில நம்ம காச எதுக்குக் கரியாக்கோணும்?"

நானும் தலையாட்டினேன். ஓசியில உக்காந்துக்கிட்டு வேற என்னத்த ஆட்டுறது?

எலச்சிபாளையம் வர்றதுக்கு முன்னாடி ஒரு கைகாட்டி. "நிறுத்துப்பா!"ன்னார். பஸ் நின்னுச்சு. "நம்ம பழைய கட்சிக்காரரு தவறிட்டாருங்க தம்பி. ஒரு மாலை போட்டுட்டு வந்துரலாம். அஞ்சே நிமிசம்."

"நீங்க போயிட்டு வாங்க, நான் இப்படியே போறேனுங்க"ன்னு பையை நீட்டினேன்.

கண்டக்டர் திரும்பினார். "ஏனுங்க, எம்.எல்.ஏ.வுக்குத் துணைக்கு வந்தவரு எம்.எல்.ஏ. இல்லாம எப்படிங்க போவீங்க? நடுவுல செக்கிங் ஏறுனா நான் என்ன பதில் சொல்றது? ஒண்ணு எறங்குங்க, இல்லீனா டிக்கெட்ட எடுங்க."

நியாயமான பேச்சு. பாக்கெட்டுல பணம் இருந்துச்சு. அங்கிருந்து நாமக்கல்லுக்குப் பெரிய காசும் இல்லை.

நான் இறங்கினேன்!

ஏன் இறங்கினேன்னு கேக்காதீங்க. சும்மா கிடைச்சதை விட்டுட்டுக் காசு குடுக்க மனசு வரலை, அவ்வளவுதான்.

எழவு வீட்டுல அவருக்கு நாற்காலி போட்டாங்க. நான் பையோட பின்னாடி நின்னேன். "சாருங்க யாருங்க?"ன்னு ஒருத்தர் கேட்டார். இவர் சாவகாசமா, "நம்ம பி.ஏ.ங்க"ன்னுட்டார்.

மறு நிமிஷம் ஒரு பெரியவர் என் கையில நாலா மடிச்ச ஒரு மனுவைத் திணிச்சார். "முதியோர் பணம் நின்னு போச்சுங்க சார். பாத்துச் சொல்லுங்க."

"பாக்கறேன்"னு சொல்லிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். அரை மணி நேரம் பையைத் தூக்கினதுக்கே எனக்கு அந்தக் குரல் வந்துடுச்சு பாருங்க!

அஞ்சு நிமிஷம்னது ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. கைகாட்டிக்குத் திரும்பி வந்தப்ப மணி பதினொண்ணே கால்.

உடனே ஒரு பஸ் வந்துச்சு. கையைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடிச்சுக் கீழ இறக்கினார். "அது பிரைவேட்டுங்க தம்பி. நம்ம பாஸு செல்லாது."

நம்ம ரூட்டு உங்களுக்குத் தெரியாததா? பாட்டுப் போட்டுக்கிட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பிரைவேட் பஸ். நாலு பஸ் போயிடுச்சு. ஒவ்வொண்ணும் நம்ம முன்னாடி மெதுவாகி, "நாமக்கல் நாமக்கல்"னு கூப்பிட்டுட்டுப் போகுது. முதல் பஸ்ஸை விட்டாச்சு, ரெண்டாவதுல காசு குடுத்து ஏறினா முதல் பஸ்ஸை விட்டது வீண். மூணாவதுல ஏறினா ரெண்டும் வீண். இப்படி ஒரு கணக்குப் போட்டு நாலையும் விட்டேன்.

நிக்கற நேரத்துல அவர் பையில இருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "தம்பிக்குக் கையெழுத்து எப்படிங்க?"

"நல்லா இருக்குமுங்க." இந்த வாய் இருக்கே!

"அப்ப ஒரு மனு எழுதுங்க. முன்னாள் உறுப்பினர்களுக்கெல்லாம் இந்தப் பென்ஷன் எந்த மூலைக்குங்க பத்துது? உயர்த்திக் குடுக்கோணும்னு கேக்கறோம்."

தோல் பையை மடியில வச்சு எழுத ஆரம்பிச்சேன். என் கைதான், என் பேனாதான். அவர் மோதிர விரலை ஆட்டி ஆட்டிச் சொல்றார். "வறுமையில் வாடும்னு போடுங்க. மக்கள் பணிக்கே வாழ்க்கையை அர்ப்பணித்தன்னு போடுங்க. மருத்துவச் செலவுக்குக்கூட வழியின்றின்னு போடுங்க."

 மருத்துவச் செலவுக்கு வழி இல்லாத ஆளோட பேப்பர் நான் கொண்டு வந்த ஃபைல்ல இருக்கு. அந்தப் பென்ஷனுக்கு உசுரு குடுக்கறதை விட்டுட்டு, ரோட்டோரமா உக்காந்து இவர் பென்ஷனுக்கு மனு எழுதறேன். ஆனாலும் கேளுங்க, 'வாடும்'னு வெறுமனே இருந்தா நல்லா இல்லைன்னு நானே 'நாளும் வாடும்'னு திருத்தினேன்.

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "படிச்ச புள்ளைங்க கூட இருந்தா இதுதானுங்க."

பன்னெண்டுக்கு மேல கவர்மென்ட் பஸ் வந்துச்சு. நாமக்கல் ஆபீஸ் வாசல்ல இறங்கறப்ப பன்னெண்டு முப்பத்தஞ்சு. எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அங்க வேலை இருக்கு.

இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்! நான் ஓடினேன். அவரும் பின்னாடியே வந்தார்.

"நீங்க எங்கீங்க?"

"எனக்கும் இங்கதானுங்க தம்பி. நானும் உசுரோட இருக்கறேன்னு வருசா வருசம் சொல்லோணுமில்ல!"

உள்ள இருந்தது ஒரே கிளார்க். எம்.எல்.ஏ.வைப் பாத்ததும் எந்திரிச்சுட்டார். "அய்யா! நீங்க எதுக்குங்க வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா ஊட்டுக்கே மிஷினக் கொண்டாந்திருப்பமுங்களே!"

நாற்காலி வந்துச்சு. டீ வந்துச்சு. மிஷின் வந்துச்சு. அவர் கட்டை விரலை வச்சார். ஒரே அழுத்தம், பச்சை லைட்! அந்த விரல்ல ரேகை அத்தனையும் புதுசா இருக்கு. தேய வேலை ஏது?

நான் அம்மா பேப்பரை நீட்டினேன். "சார், இது..."

"இருங்க, அய்யா வேலை முடியட்டும்."

அய்யா ஊர் நிலவரம் பேசினார். மழை பத்திப் பேசினார். நான் மறுபடி நீட்டினேன். "நீங்க அய்யா கூட வந்தவருதானுங்களே, உங்களுக்கு என்னங்க அவசரம்?"னு கிளார்க் சிரிச்சார். அப்பறம் அய்யா அந்த மனுவை எடுத்தார். கிளார்க் முழுசாப் படிச்சு, 'நாளும் வாடும்'ல நின்னு, "எழுத்து அருமையா இருக்குதுங்க"ன்னு பாராட்டி, டக்குன்னு சீல் அடிச்சு, மேல அனுப்பற கட்டுல வச்சார்.

மூணாவது தடவை நீட்டினப்ப மணி ஒண்ணு அஞ்சு.

கம்ப்யூட்டரைப் பாத்தார். "அடடா, லிஸ்ட் மேல போயிருச்சுங்களே."

நான் முன்னாளைப் பாத்தேன். "அய்யா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. அம்மா முப்பது வருஷம் சோறாக்கிப் போட்டவங்க."

அவர் பையை என் தோள்ல இருந்து கழட்டிக்கிட்டார். முகத்துல அப்படி ஒரு பணிவு. "நான் முன்னாளுங்க தம்பி. என்ற பேச்ச இப்ப யாருங்க கேக்கறாங்க?"

சொல்லிட்டு யாரோ தெரிஞ்சவர் கார்ல ஏறிப் போயிட்டார். அதுல துணைக்கு இடம் இல்லையாம்.

கிளார்க் நல்ல மனுஷன், அம்மா பேப்பரை வாங்கி வச்சுக்கிட்டார். "அடுத்த மாசத்துல இருந்து சரியாயிருமுங்க"ன்னார்.

திரும்பி வர்றப்ப பிரைவேட் பஸ், முழு டிக்கெட், நின்னுக்கிட்டே. டிக்கெட்டை வைக்கறதுக்குச் சட்டைப் பையில கை விட்டா அந்தப் பெரியவரோட மனு. அங்கேயே குடுத்திருக்கலாம். எனக்கு ஞாபகமே வரலை.

சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். அம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எந்திரிச்சாங்க.

"ஏஞ்சாமி, போன காரியம் என்னாச்சு? நான் இருக்கறனா, இல்லையா?"

"இருக்கீங்கம்மா. ஆனா அடுத்த மாசத்துல இருந்துதான்."