ஸ்குரூ லாத்தாவின் உள்ளங்கை

எங்கள் ஊர் ஏரலில் ஸ்குரூ லாத்தா தொட்டும் சரியாகாத இயந்திரம் ஒன்று இருக்குமானால், அதை இனிமேல்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் முன்பின் தெரியாத மெக்கானிக்கை விடமாட்டோம். அதனால் கம்ப்யூட்டர் படுத்தால் லாத்தாதான். லாத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. தையல் மிஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் எப்போது கம்ப்யூட்டருக்குத் தாவினார் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைத் துப்பட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, சாவிகளுக்கு நடுவே ஒரு ஸ்குரூ டிரைவர். பெயர் வந்தது அதனால்தான்.

ஒருமுறை எதிர்வீட்டில் கம்ப்யூட்டர் உறுமியது. லாத்தா போனிலேயே சத்தத்தைக் கேட்டார். "காத்தாடிக்குள்ள பல்லி கெடக்கு. பைய கழத்திப் பாருங்க" என்றார். கழற்றினார்கள். கிடந்தது. இரண்டு கிடந்ததாகச் சொல்பவர்களும் தெருவில் உண்டு.

என் கதைக்கு வருகிறேன். நானும் இரண்டு வயது மகள் ஆலியாவும் என் கணவரிடம் போவதற்கு விசா விண்ணப்பம் போட்டிருந்தோம். ஆலியாவுக்கு வாப்பா என்றால் போனில் தெரியும் ஒரு முகம்; சாப்பிடும்போது அந்த முகத்துக்கும் ஒரு வாய் ஊட்டுவாள். கடைசியாக அவளுடைய தடுப்பூசி அட்டை மட்டும் பாக்கி. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்றாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போனில் எடுத்த படத்தை இணையதளம் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டிலும் அட்டையின்மேல் என் தலை நிழல். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கப் பயம், தொலைத்துவிட்டால்? இப்படியெல்லாம் பயப்படுவேன் என்று தெரிந்துதான், கணவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பழைய ஸ்கேனரைப் போர்வையில் சுற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

காலை ஒன்பதுக்கு வயரைச் செருகினேன். 'கர்ர்ர்' என்றது. மென்பொருளை நீக்கி மறுபடி போட்டேன். 'கர்ர்ர்'. வயரை மாற்றிச் செருகினேன். தப்பான மென்பொருளோ, சரியானதைத் தப்பாகப் போட்டேனோ என்று மேலும் ஏழு தடவை நீக்கிப் போட்டேன். ஆலியாவும் 'கர்ர்ர்' சொல்லப் பழகிவிட்டாள். மூன்றரைக்கு அழுதுகொண்டே லாத்தாவுக்குப் போன் செய்தேன்.

ஸலாம் சொல்லி உள்ளே வந்தவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்கேனரின் முதுகில் காதை வைத்து ஒரு 'கர்ர்ர்' கேட்டார்.

"இது எங்கயிருந்து வந்துச்சு?"

"துபாய்லயிருந்து, லாத்தா."

"ஒம் மாப்பிள்ள கெட்டிக்காரரு. வழியில குலுங்கி ஒடஞ்சிரக் கூடாதுன்னு உள்ள ஓடுற வெளக்கப் பூட்டி அனுப்பியிருக்காரு. ஒங்கிட்ட சொல்லத்தான் மறந்துட்டாரு."

வயரைப் பிடுங்கி, ஸ்கேனரைக் குப்புறப் போட்டார். அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பூட்டுப்படம், பக்கத்தில் ஒரு திருகு. இடுப்பிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து அரைச் சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான். ஏழு மணி நேர அழுகைக்கு அரைச் சுற்று!

"பயணம் முடிஞ்சிருச்சு, எந்திரின்னு ஒருத்தர் சொல்லாண்டாமா? பாவம், இன்னும் லக்கேஜாவே கெடக்கு."

நிமிர்த்தி வயரைச் செருகினார். அட்டையோடு பாய்ந்தேன். கையைத் தட்டிவிட்டார். "மொதல்ல கை. காயிதத்துல ஒரு கோடு விட்டுப்போனா நமக்குத் தெரியாது. ரேகையில விட்டா கண்ணுல அடிக்கும்." மருதாணி வைத்த தன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். "பிஸ்மி சொல்லி அமுக்கு."

வெளிச்சம் பைய நகர்ந்தது. திரையில் லாத்தாவின் கை எழுந்தது: ரேகை, மருதாணி, ஊசி குத்திய பழைய தழும்புகள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்து அட்டை. வெறும் வெள்ளைத் தாள்தான் வந்தது. "லாத்தா, போச்சு!" என்று அலறினேன்.

"ஒண்ணும் போகல. அட்டையைக் கவுத்திப் போடு. எழுத்து கண்ணாடியத்தான பார்க்கணும்? ஒன்னையப் பார்த்து என்ன செய்யுது?"

கவிழ்த்துப் போட்டேன். நாலே முக்காலுக்கு அட்டை ஏறியது. லாத்தா பாதி டீயைக் குடித்துவிட்டு, மீதியை வழக்கம்போல வைத்துவிட்டு எழுந்து போனார்.

விசா வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் லாத்தாவே வந்து ஸ்கேனரைத் திருப்பிப் பூட்டினார். "போன ஒடனே தொறந்து வுட்டுரு புள்ள" என்றார். அன்று மட்டும் டீயை முழுதாகக் குடித்தார்.

இங்கே துபாயில் ஆலியா வாப்பாவுக்கு நேரிலேயே ஊட்டுகிறாள். போன வாரம் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று கணவர் பழைய படங்களை நீக்கிக்கொண்டிருந்தார். "இது யார் கை? அழிச்சிரட்டுமா?"

"அதத் தொடாதீங்க மச்சான்" என்றேன்.

எனக்கு எதிலாவது பதற்றம் வந்தால் அந்தப் படத்தைத்தான் திறப்பேன். திரையில் என் கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன்.