முப்பத்தெட்டு டிகிரி

“எங்க நெலத்த எடுக்கப் போறீங்களா?” என்று சுந்தராம்பாள் கேட்டபோது, கலைமணி பாறையில் சிவப்புப் பெயிண்டால் பதினோராம் நம்பரை எழுதிக்கொண்டிருந்தாள்.

“இல்லக்கா. இது ஆராய்ச்சி.”

“இப்புடித்தான் பக்கத்து ஊர்லயும் நம்பர் போட்டாங்க. இப்ப அங்க சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கு, ஊரக் காணோம். ஆறு வருசத்துக்கு முந்திதான் இந்தக் கொல்லய வாங்குனோம்!”

அரியலூர்ப் பக்கத்துப் படிவுப் பாறைகள் எல்லாம் சாப்பிட்டுப் படுத்தவர்கள் மாதிரி மட்டமாகக் கிடக்க, ஓடைக்கரையில் இது ஒன்று மட்டும் முப்பத்தெட்டு டிகிரி சாய்ந்திருந்தது. ஒரு காலத்தில் இங்கே நிலம் அசைந்து கடற்படுகையையே புரட்டியிருக்கிறது என்பதற்குக் கலைமணியிடம் இருந்த ஒரே சாட்சி. நாளைக் காலை ஆராய்ச்சிக் கைடு அப்துல் ஹாதி நேரில் பார்க்க வருகிறார். அவர் தலையசைத்தால் டாக்டர் கலைமணி. இல்லாவிட்டால் வெறும் கலைமணி, வயது முப்பத்தொன்று.

“பூமி அசைஞ்சா பாறை சாயும்க்கா. அந்தத் தடத்ததான் பாக்குறேன்.”

“பூமி அசையுமா? இங்கயா?”

“அசைஞ்சிருக்கே!”

இதோடு நிறுத்தியிருக்கலாம், அதற்கு முன்பேகூட நிறுத்தியிருக்கலாம். படித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸப் குரூப்பில் நிலநடுக்கம் வந்துவிட்டது, கலைமணியின் போட்டோவோடு. இரண்டு குடும்பங்கள் பாய் தலையணையுடன் பள்ளிக்கூட மைதானத்துக்குக் குடிவந்தன.

கலைமணி அங்கே ஓடினாள்.

“பயப்படாதீங்க! அது நடந்து ஒன்பது கோடி வருஷம் ஆச்சு. அப்ப ஊரே கெடையாது. இங்க முழுக்கக் கடல்தான்!”

“கடலா?” சுந்தராம்பாள் நெஞ்சில் கை வைத்தாள். “அப்ப சுனாமியுமா?”

மீதிக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன.

கலைமணி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். “ஊருக்கு ஒண்ணும் ஆகாதுங்க! வேற எங்கயும் அசைவே இல்ல. எல்லாம் அந்த ஒத்தப் பாறையிலதான் இருக்கு!”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியது. அப்பாடா என்று அவள் லாட்ஜுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கைடோடு வந்து இறங்கினால், பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஜேசிபி நிற்கிறது.

“நீ சொன்னதுதான் சரி பாப்பா,” என்றாள் சுந்தராம்பாள். “ஒத்தப் பாறையாலதான இம்புட்டு ஆபத்து? எடுத்துட்டா தீந்துச்சு.”

கலைமணி பாய்ந்துபோய்ப் பாறையைக் கட்டிக்கொண்டாள். தடிமனாகப் பூசிய பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, சுடிதாரில் பதினொன்று ஒட்டிக்கொண்டது.

“என்னைத் தாண்டித்தான் இத எடுக்கணும்! இது இதே எடத்துல பூமிக்குள்ளேர்ந்து எழும்புன பாறை! சார், நீங்களாவது சொல்லுங்க சார்!”

அப்துல் ஹாதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கருவியை வைத்து அளந்தார். எதற்கும் சிரிக்காத மனிதரின் முகம் மலர்ந்தது.

“மாஷா அல்லாஹ்! முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சாய்வ நான் பாத்ததில்லம்மா. இதுக்கு டாக்டர் பட்டம் குடுக்கலைன்னா வேற எதுக்குக் குடுக்குறது?”

கலைமணிக்கு சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பாறையைப் பிடித்த பிடியை விடாமல் தேம்பினாள்.

ஜேசிபி ஓட்டுநர் மதுரைவீரனுக்கு மனசு கேட்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“அழாதீங்க மேடம், ஒரு கீறல் விழாம தூக்கிடுவேன். பன்னெண்டு வருசத்துக்கு முந்தி லாரிலேர்ந்து எறக்கி, ஓடத் தண்ணி கரைய அறுக்காம இருக்கட்டும்னு இப்புடிச் சாய்ச்சு நட்டவனே நாந்தான்.”