இரண்டும் இடது கொம்பு

எனக்குக் கோபம் வந்தால் பாடம் நடத்துவேன். மற்றவர்கள் பாத்திரத்தை எறிவார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள், அம்மா வீட்டுக்குக் கிளம்புவார்கள். நான் விரலை நீட்டி, எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் பிளஸ் டூ விலங்கியல் மாணவனாக நினைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்துவிடுவேன். இந்த வியாதியால் பல இடங்களில் அவமானப்பட்டிருக்கிறேன். விக்கிரமங்கலத்தில் பட்டதுதான் பெரியது. (நான் மட்டும் படவில்லை என்பது ஒரு ஆறுதல்.)

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகிப் பதினோரு நாள். என் கணவர் கொளஞ்சிக்கு ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை வேலை. எனக்குப் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. "தாராளமா வேலைக்குப் போகலாம்" என்று பெண் கேட்டவர்கள், தாலி ஏறியதும் "பெரியவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று இழுத்தார்கள். பெரியவர் என்றால் கொளஞ்சியின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா. அவர் தலையாட்டாமல் அந்தக் குடும்பத்தில் கோழிகூட அறுக்க மாட்டார்கள். நான் படித்து வாங்கிய வேலைக்கு ஏழாவதோடு நின்றவர் அனுமதி தர வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வேலை வேண்டும். லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விக்கிரமங்கலத்தில் அவர் வீட்டில் எங்களுக்கு விருந்து.

பஸ்ஸிலேயே கொளஞ்சி எனக்குப் பயிற்சி கொடுத்தார்.

"பெரியப்பா என்ன சொன்னாலும் 'ஆமாங்க மாமா'ன்னு சொல்லு. அது போதும்."

"தப்பாச் சொன்னா?"

"தப்பாச் சொன்னா ரெண்டு தடவ சொல்லு."

சொன்னேன். இந்த வருஷம் மழை மோசம், ஆமாங்க மாமா. படித்த பெண்களுக்குச் சமைக்க வராது, ஆமாங்க மாமா, ஆமாங்க மாமா. நாட்டுக்கோழிக் குழம்பு முடிந்து ரசம் வரும்வரை நான் உத்தமி. மாமாவும் உருகிப்போய், "புள்ள தங்கமா இருக்குடா" என்றார். கொளஞ்சி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வேலைக்கு அனுமதி கிடைத்த மாதிரிதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூடத்துச் சுவரில் மரத்தில் செதுக்கிய மான் தலை, அதில் நிஜக் கொம்புகள். பக்கத்திலேயே மாமாவின் அப்பா, மாலை போட்ட படத்தில். விருந்துக்கு வரும் புது ஜோடி கொம்புக்குக் கீழே நின்று, மாமா சொல்லும் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு வாங்க வேண்டும். நின்றோம்.

"எங்கப்பாரு சுட்டது. பெரம்பலூரு பக்கத்துக் காட்டுல, ஒரே குண்டு. ஆறு கிளை இருக்குது பாத்தியா? ஆறு வயசு மானு. தலையோட அறுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே வந்தாரு."

'ஆமாங்க மாமா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கல்லூரிச் செய்முறைத் தேர்வில் மான் கொம்பைப் பார்த்து மாட்டுக்கொம்பு போல என்று எழுதி முட்டை வாங்கியவள் நான். அந்த ஆத்திரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து கொம்பைப் பற்றி அடி முதல் நுனி வரை படித்துத் தொலைத்திருந்தேன்.

"அது அப்புடி இல்லங்க மாமா. புள்ளிமானுக்கு ஒரு கொம்புல மூணு கிளைதான். அடியில முன்னால நீட்டிக்கிட்டு ஒண்ணு, நுனியில கவட்டை மாதிரி ரெண்டு. ஆறு வயசானாலும் மூணு, பத்து வயசானாலும் மூணு. கிளைய எண்ணி வயசு சொல்ல முடியாது."

"அப்புடியா?" என்றார் மாமா, சன்னமாக.

அந்த 'அப்புடியா'வில் நிறுத்தியிருக்கலாம். கொளஞ்சி என் முழங்கையைக் கிள்ளினார். "பின் வரிசையில என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். பட்டுப்புடவையோடு.

"மாட்டுக்கொம்பு சாவுற வரைக்கும் விழாது. மான் கொம்பு முழுக்க எலும்பு. வருசா வருசம் விழுந்துட்டுப் புதுசா மொளைக்கும். மொளைக்கறப்ப மேல மெத்துன்னு மயிரு வச்ச தோலு இருக்கும், அதுக்குள்ள ரத்தம் ஓடும். கொம்பு முத்துனதும் தோலு காஞ்சுடும். மானு மரத்துல தேச்சுத் தேச்சு உரிச்சுடும். எழுதிக்கோங்க."

எழுதிக்கோங்க! பெரிய மாமாவிடம்! பாவம், அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"சுட்டு அறுத்ததா இருந்தா அடியில மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, காட்டுவதற்காக வலப்பக்கக் கொம்பைப் பிடித்து லேசாகத் திருகினேன். (கொளஞ்சி இன்றுவரை 'லேசாக' என்பதை ஒத்துக்கொள்வதில்லை.) அது கையோடு வந்துவிட்டது. மரத்தலை ஓர் ஆணியில் தொங்கி ஊஞ்சலாடி, தாத்தா படத்தில் இடித்தது. படம் கோணிக்கொண்டது.

அப்போதாவது இறங்கினேனா? இல்லை. கொம்பைத் திருப்பிக் காட்டினேன்.

"பாருங்க மாமா, அடியில முடிச்சு முடிச்சா வளையம். நடுவுல குமிழ் மாதிரி, சொரசொரன்னு. மண்டையோடே இல்ல. இது தானா உதுந்த கொம்பு. யாரும் அறுக்கல." பிறகு அதைச் சுவரில் இருந்த மற்றதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "அட, ரெண்டும் இடது கொம்பு!"

இத்தனை வருடமாக எத்தனையோ ஜோடிகள் அதன் கீழே நின்றிருக்கிறார்கள். இரண்டும் காற்றடித்ததுபோல ஒரே பக்கம் வளைந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மாமா முகம் கறுத்துவிட்டது. நான் முக்காலி மேல் கொம்போடு நின்றேன். நாளைக்கு என் வகுப்பில் வேறு யாரோ வருகைப் பதிவு எடுப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வாயைத் தைத்தால் என்ன என்று தோன்றியது.

சமையலறையில் யாரோ சிரித்தார்கள். பெரிய அத்தை, மாமாவின் மனைவி. கரண்டியோடு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க மாமனாரே எங்கிட்ட சொல்லியிருக்காரு. வெறவு வெட்டப் போன எடத்துல ஒரு வருசம் ஒண்ணு கெடந்துச்சாம், மறு வருசம் இன்னொண்ணு."

"அடியே, நீ ஏன் இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கதைய ஆரம்பிச்சா மத்தவங்க மூச்சு வுட முடியுதா?"

மாமா கொம்பைப் பார்த்தார். கோணியிருந்த அப்பாவைப் பார்த்தார். "அப்ப எங்கப்பாரு துப்பாக்கியத் தொட்டதே இல்லியா?"

"தீவாளிக்கு வெடி போட்டாலே உள்ள ஓடிடுவாரு" என்றார் அத்தை.

மாமாவின் தொப்பைதான் முதலில் குலுங்கியது. பிறகு மீசை. அப்புறம் வீடே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன தீர்ப்பு இது: "டேய் கொளஞ்சி, நாளைக்கு மொத பஸ்ஸுலயே இவளப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி வுட்டுடு. வூட்டுல வச்சிருந்தா இன்னும் என்னென்னத்தக் கழட்டிப் பாப்பாளோ!"

உரிமைக்காகப் போராடி வென்றேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், வீட்டுச் சாமான்களின் பாதுகாப்பைக் கருதி வேலைக்கு அனுப்பப்பட்டவள் நான்.

மாமா அந்தக் கொம்பை மறுபடி அரக்கு வைத்து ஒட்டினார். அதே இடது, அதே வலப்பக்கத்தில். வழக்கமும் நிற்கவில்லை. கதைதான் மாறிவிட்டது. இப்போது புது ஜோடி வந்தால் கைத்தடியால் கொம்பைத் தொட்டுக் காட்டி, கிளை, வளையம், குமிழ், உரிந்த தோல் என்று ஒன்றையும் விடாமல் பாடம் எடுக்கிறார். நடுவில் "எழுதிக்கோங்க" வேறு. கடைசியில் நான் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்துக் கைகாட்டுவார்.

"மான யாரும் சுடலம்மா. சுட்டது இவதான், என்னைய!"