ட்ராம்போன்காரனின் நுரையீரல்

அன்புத் தங்கை ஃபெலிசாவுக்கு,

இலோய்லோவிலிருந்து அண்ணன் ஹொனராத்தோ எழுதுவது. செபுவில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க ஞாயிறு பூசையில் மெழுகுவத்தி ஏற்றினேன். நீ எனக்குத் தரப்போகும் சிறுநீரகத்துக்குத் தனியாக ஒன்று.

அதை வைப்பதற்கு முன், மயக்க மருந்தை என் நுரையீரல் தாங்குமா என்று பார்க்கவேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடம் திருவிழாவுக்கும் சாவுக்கும் ட்ராம்போன் ஊதியவனையா சோதிப்பது? ஆஸ்பத்திரியில் ஜோவெலின் என்ற பெண் என் மூக்கில் கிளிப்பை மாட்டி வாயில் குழாயைக் கொடுத்தாள். நானும் சவ ஊர்வலத்தில் வாசிப்பதுபோல் மூச்சை மிச்சம்பிடித்து நயமாக விட்டேன். "ஐயா, பாட்டா வாசிக்கிறீங்க? ஒரே மூச்சுல வெடிக்கணும்! ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை நோயாளியும் ஊதியிருப்பார். அப்போதுதான் திரையைப் பார்த்தேன், ஃபெலிசா. என் மூச்சு ஒரு கோடாக மலைபோல் ஏறிச் சரிந்தது. ஐம்பத்தெட்டு வருடம் என்னோடு இருந்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன். வாயைப் பிளந்து நின்றேன். "காத்து போகுது, வாயை மூடுங்க!" என்றாள்.

ஆனால் இருக்கவேண்டிய உயரத்துக்கு மலை குட்டையாம். அடுத்து ஆறு நிமிட நடை. எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கம்பீரமாகப் போனவன், நாலாம் நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "நெஞ்சுல தண்ணி நிக்குது. இப்படியே மயக்கம் குடுத்தா உயிருக்கே ஆபத்து. அளவுக்கு மேல என்ன குடிக்கிறீங்க?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். உன் அண்ணி கிளாரிட்டா என்னைப் பார்த்தாள். "பாட்சோய் சூப்பு... தினம் ரெண்டு கிண்ணம்" என்றேன்.

"அடப்பாவி மனுஷா! நாலு மாசமா எங்கிட்ட மறைச்சதை ஒரு படம் போட்டுக் குடுத்துடுச்சு பாத்தீங்களா!" என்றாள் அவள்.

பயந்துபோய்விட்டேன். உன் உடம்பை அறுத்துத் தரவிருந்ததை நான் சூப்பில் கரைத்திருப்பேன். அன்றோடு கிண்ணத்தைத் தொடவில்லை. அடுத்தடுத்த டயாலிசிஸில் சேர்ந்த நீரையெல்லாம் இழுத்தார்கள். நேற்று மறுபடி ஊதினேன். மலை எழும்பியது! ஜோவெலின் கைதட்டினாள், நான் அழுதுவிட்டேன். ஆறு நிமிடமும் நிற்காமல் நடந்தேன். இனித் தடையில்லை, திங்கட்கிழமை கப்பலேறு.

மாதா உங்களைக் கைவிடாமல் காக்கட்டும். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் அண்ணன்,
ஹொனராத்தோ

பி.கு.: கப்பலேறாதே. கடிதம் மூன்று நாள் மேசையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில், தேறிய சந்தோஷத்தில், மழையில் நின்று ஏழு பாட்டு பாடிவிட்டேன். இப்போது காய்ச்சல், இருமல், சளி. நெஞ்சு தெளியும்வரை அறுவை கிடையாது என்கிறார் டாக்டரம்மா. அதுவரை அந்தச் சிறுநீரகம் உன்னிடமே இருக்கட்டும். என்னைவிட நீ அதை நன்றாகப் பார்த்துக்கொள்வாய்.