தேநீர் வட்டத்துக்கு ஒரு மதிப்பெண்

பச்சை மைப் பேனாவைப் படைக்கலமாய் ஏந்தியவளும், இருபத்திரண்டு ஆண்டுகள் பதின்பருவத்தார் கையெழுத்தில் நீந்தியும் பார்வை மங்காதவளும், கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட்டை உடைக்காமல் ஒரே வாயில் வெல்லும் தாடைவலி படைத்தவளுமாகிய ஊடகவியல் ஆசிரியை டெனிஸ் ஓல்ட்ராய்டின் பெருமையைப் பாடத் துணிந்தேன். ஊடகக் கோட்பாடுகளுக்கென்று ஒரு தெய்வம் உண்டாயின் அது என் நாவில் வந்து அமர்க. அதற்கு நேரமில்லையாயின் நகலெடுக்கும் இயந்திரமேனும் அருள்க. இப்பெரும்போர் அதன் வயிற்றில்தான் பிறந்தது.

நான்கு மணிக்கே தெருவிளக்கு எரியும் ஜனவரியில், மழை குறுக்குவாட்டில் பெய்யும் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில், கல்லூரியொன்றின் ஊடகவியல் அறையே போர்க்களம். மாதிரித் தேர்வுக்காக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டுப் பெண்கள் வார இதழொன்றின் அட்டையை நகலெடுத்து மாணவருக்கு வழங்கியிருந்தனர். இறகுத்தொப்பியணிந்த நங்கையொருத்தி கேக் ஒன்றை ஏந்திப் புன்னகை பூக்கும் அட்டை. “இவ்வட்டை தன் வாசகரிடம் எவ்வாறு பேசுகிறது? கற்ற கோட்பாடுகளைப் பொருத்தி எழுதுக” என்பது வினா. பத்தொன்பது பேர் தொப்பியையும் கேக்கையும் எழுதி ஓய்ந்தனர். இருபதாமவளான ஜோர்ஜா ஹெப்வர்த் மட்டும், அந்நங்கையின் தலையைச் சூழ்ந்து நின்ற மங்கலான பழுப்பு வட்டத்தைக் கண்டாள். கண்டவள் இவ்வாறு எழுதினாள்:

“தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் இல்லத்தரசியைத் தெய்வமாக்கி அடுக்களையில் உட்கார வைக்கிறது. வட்டம் இடப்பக்கம் உடைந்திருப்பது, வெளியேற விரும்பும் வாசகிக்கு ஒரு வாசல் இருப்பதைச் சொல்கிறது.”

ஷெஃபீல்டில் இதழியல் படிக்க விழைந்த அவளுக்கு, ஊடகவியலில் ‘பி’ தரம் வரும் என்று கல்லூரி எழுதித்தர வேண்டும். அன்று நான்கு மணிக்குள் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவும் வேண்டும். அவள் நின்றதோ ‘பி’க்கு ஒரே ஒரு மதிப்பெண் கீழே. டெனிஸ் அந்த ஒளிவட்டத்துக்கு ஒன்று வழங்கிப் பச்சை மையால் பொறித்தாள். ஆயினும் இருவர் ஒப்பினாலன்றி எந்த மதிப்பெண்ணும் மதிப்பெண் ஆகாது என்பது அந்நாட்டு மரபு.

எழுந்தான் இரண்டாமவன். மதிப்பீட்டு நெறிமுறையைத் தாள்தாளாய் நெகிழியுறையிலிட்டுக் காப்பவன், தேநீர்க் கோப்பை கையகலாக் கோமான், துறைத்தலைவன் கீத் பிரம்ஃபிட்.

“பாரும்மா டெனிஸ், அது டீக்கறை. இன்னைக்கு டீக்கறைக்கு மார்க் போட்டா, நாளைக்கு ஜாம் கறைக்கும் கேப்பாங்க.”

“கறையோ கிறையோ, நாம குடுத்த தாள்ல இருந்துச்சு. அட்டையில இருக்கறது எல்லாத்தையும் படிங்கன்னு சொல்லிக்குடுத்தது யாரு?”

மூண்டது போர். பொருளை ஆக்குபவன் வாசகனே எனும் கூர்ங்கணையை அவள் தொடுக்க, அதனைப் பிறழ்வாசிப்பு எனும் தோற்கேடயத்தால் அவன் தடுக்க, பிறழ்ந்தாலும் வாசிப்பு வாசிப்பே என்று அவள் குதிரையைத் திருப்பிக்கொண்டு மீண்டும் பாய, மழைநாளில் இரு பேருந்துகள் ஒரே நிறுத்தத்துக்குள் நுழைய முட்டிக்கொண்டாற்போல் இருவரும் முட்டினர். பிஸ்கட் தூள் புழுதியாய் எழுந்து விண்மறைத்தது. சுவர்க்கடிகாரம் மூன்றே முக்காலைக் கடந்தது. இறுதியில் கீத் தன் குலப்படையாகிய ஒழுங்குமுறைக் கோட்பாட்டை உருவினான். வாசகர் காக்கப்படவேண்டிய குடிமக்கள். காப்போன் இல்லாவிடில் கண்டதெல்லாம் பொருளாகும், நாடு கெடும் என முழங்கினான்.

“பத்திரிகையைக் கண்காணிக்கறவங்களே புகார் வந்தாத்தான் எட்டிப் பாக்கறாங்க கீத். இங்க யாரு புகார் குடுத்தா?”

“நான் குடுக்கறேன்.”

“விசாரிக்கறது?”

“அதுவும் நான்தான்.”

“ஓ. பத்திரிகை முதலாளிங்க கமிட்டி போட்டுத் தங்களையே விசாரிச்சுக்குவாங்களே, அந்த மாதிரி.”

மார்பில் தைத்தது அம்பு. இருப்பினும் சாயாமல் நின்று, “அந்த வட்டத்த எந்தப் பத்திரிகை ஆசிரியரும் போடல, எந்த ஓவியனும் வரையல, அப்புறம் அதுக்கென்ன அர்த்தம்?” என்றான். அப்போது டெனிஸ் அலமாரியைத் திறந்தாள், கறையோடு கிடந்த மூல இதழை எடுத்து மேசைமேல் விரித்தாள். பின்னர் பகைவன் கையிலிருந்த கோப்பையைப் பற்றி, எஞ்சிய தேநீரைத் தொட்டிச்செடிக்கு வார்த்து, இறகுத்தொப்பி நங்கையின் தலைமேல் மெல்ல இறக்கினாள். அம்மவோ, வாளுக்கு உறைபோல் பொருந்தியது வட்டத்துக்குக் கோப்பை. அதன் அடிவிளிம்பில் சில்லுப் பெயர்ந்திருந்த இடமும், ஜோர்ஜா கண்ட வாசலும் இம்மியளவும் பிசகாமல் ஒன்றின.

“போட்டது நீங்க.”

“வேணும்னு போடல டெனிஸ்.”

“போட்டவன் என்ன நெனச்சான்னு எவனுக்குக் கவலைன்னு, வருஷம் பூரா போர்டுல எழுதறது யாரு?”

தன் கோட்பாட்டினாலேயே தான் வீழ்ந்த அத்திருமகன், நெடிது உயிர்த்து, பச்சைப் பேனாவை வாங்கி ஒப்பமிட்டான். நான்கு மணிக்கு இரு மணித்துளி இருக்கையில் ‘பி’ எனும் ஒற்றையெழுத்து கணினி வழியே விண்ணேகியது. அறைக்கதவைத் தாளிட்ட டெனிஸ், வாசகர் உரிமையை மண்ணில் நிலைநாட்டிய மாதரசியாய்ப் படியிறங்கி, பேருந்து நிழற்குடையில் நின்றிருந்த ஜோர்ஜாவிடம் வெற்றிச் செய்தியை உரைத்தாள்.

“அது டீக்கறைன்னு பாத்த உடனே தெரிஞ்சுது மிஸ், பரீட்சை முடிய ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு, அதான் எதையோ எழுதி வெச்சேன்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போனாள்.