எதிரே நூற்றுப் பத்துக் கோடி மீட்டர்

"எதிரே 1109393408 மீட்டர் தெரியும்" என்றது பலகை. மூடுபனியில் பலகையே சரியாகத் தெரியவில்லை.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று அளந்து சொல்ல வேன் ஓட்டுநர் சங்கம் வைத்த மின்பலகை அது. அதற்கு நிரல் எழுதிய பிரதீப், ஓரமாக நிறுத்திய வேனுக்குள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான்.

ஏறி வந்த வண்டி ஒன்று நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "தம்பி, நூத்திப் பத்துக் கோடின்னா நெலாவைத் தாண்டிருச்சே. அங்க பார்க்கிங் இருக்கா?"

பின்னால் வந்தவர்களும் நிறுத்திச் சிரித்தார்கள். இறங்கி, கம்பத்தடியில் இருந்த ராக்காயி கடையில் டீ குடித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

சங்கத் தலைவர் ஞானவேல் சிரிக்கவில்லை. அவர் பிரதீப்பின் மாமனார். பெங்களூர் வேலையை விட்டு வந்தவனுக்கு இந்தச் சோலியை வாங்கிக் கொடுத்தவர். மாப்பிள்ளையை ஏசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அதனால் பலகையை ஏசினார்.

"ஏலே போர்டு, ஒனக்கு வெக்கமா இல்ல? ஒன்னை நம்பித்தான சங்கத்துல அத்தனை பேருகிட்ட பேசுனேன்?" பிறகு குரலை இறக்கி, "மாப்ள, ஒங்களை ஒண்ணும் சொல்லலைங்க. சரியாகலைன்னா சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்பேனரோட வந்து கழட்டணும்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. அதை மட்டும் அதுகிட்ட சொல்லிருங்க" என்றார்.

பலகை கழன்றால் தானும் பெங்களூர் பஸ் ஏற வேண்டியதுதான் என்று பிரதீப்புக்குத் தெரியும். கூட வரமாட்டேன் என்று மனைவி புவனா சொல்லியிருந்தாள்.

கம்பத்தில் இருந்த அளவுகருவியோடு பேசத் தெரிந்தது லைப்ரரி எனப்படும் ஒரே ஒரு நிரல் தொகுப்புதான். கருவியை விற்றவர்கள் சி மொழியில் எழுதி, உள்ளே பார்க்க முடியாதபடி மூடிக் கொடுத்தது. பிரதீப் எழுதியது பைதான் மொழியில். பைதான் மேலே சௌகரியமாக இருந்துகொண்டு கேட்கும். சி அடிவாரத்தில் கிடந்து உழைக்கும். கேட்கிறவன் ஒரு காலிப் பெட்டியைக் கீழே அனுப்ப வேண்டும். கீழே இருப்பவன் விடையை அதில் போட்டுவிடுவான்.

அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்திருந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கீழே இருந்தவன் நாற்பது என்றுதான் போட்டிருக்கிறான், தசம எண்ணை எழுதும் முறையில். இவன்தான் முழு எண் என்று பெயர் ஒட்டிய பெட்டியைக் கொடுத்து, வந்ததை அப்படியே படித்திருக்கிறான்.

பெட்டியை மாற்றினான். 40 வந்தது. மேகம் கலைந்து வெயில் அடித்தபோதும் 40-தான் இருந்தது. ஒரு முறைதானே கேட்டிருந்தான்! "அளவு மாறினால் கூப்பிடு" என்று ஒரு சிறு துண்டு நிரலின் முகவரியைக் கீழே கொடுத்தான். பத்து நிமிடம் ஓடியது. பிறகு எல்லாம் செத்துப் பலகை இருண்டது.

"ஏலே, இப்பக் கண்ணையும் மூடிட்டியா?" என்றார் ஞானவேல்.

பைதானுக்குச் சுத்தம் அதிகம். மேலே யாரும் பிடித்திராத பொருளைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். கீழே இருப்பவனுக்கு அது தெரியாது. கொடுத்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறான், வீடே இல்லை. இந்த முறையும் பிழை மேலேதான். முகம் தெரியாத அந்த ஆள்மேல் பிரதீப்புக்கு ஒரு வாஞ்சைகூட வந்தது.

துண்டு நிரலுக்கு ஒரு பெயர் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பலகை 2000 என்றது. எதிர்மலை பளிச்சென்று தெரிந்தது. வண்டிகள் நிற்காமல் பறந்தன. ஞானவேல் பலகையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஊருக்குள் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து, உச்சி வெயிலில், பலகை 25 என்றது.

"தம்பி, டார்ச் இருக்கா? வெயில்ல வழி தெரியலை!" மறுபடியும் வண்டிகள் நின்றன. மறுபடியும் டீ.

பத்து அளவுகளின் சராசரியை எடுத்தான். 20 ஆனது. லைப்ரரியை மூடித் திறந்தான். 15 ஆனது.

ராக்காயி டீயோடு வந்தாள். "குடிங்க தம்பி, மூஞ்சி வாடிக் கெடக்கு." அவள் கண்கள் சிவந்து நீர் வழிந்தது. தனக்காக அழ இங்கே ஒருத்தியாவது இருக்கிறாளே என்று அவன் நெகிழ்ந்துபோனான்.

மூன்றரை மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தான். கீழே இருப்பவன் பொய் சொல்கிறான். அழைப்பையே வெட்டி எறிந்துவிட்டு, தன் கையால் 2000 என்று எழுதினான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மேகம் இறங்கியது. பக்கத்துக் கல்லும் தெரியவில்லை. "எதிரே 2000 மீட்டர் தெரியும்" என்று பலகை மட்டும் மினுங்கியது. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஞானவேலும் ஸ்பேனர்காரர்கள் இருவரும் வந்தார்கள்.

ஞானவேல் பலகையை ஏசவில்லை. முதல்முறையாக மாப்பிள்ளையைப் பார்த்தார். பிரதீப் மடிக்கணினியை மூடினான்.

முதல் போல்ட்டில் ஸ்பேனர் பதிந்தபோது, ஊதுகுழலும் கையுமாக ராக்காயி ஓடி வந்தாள்.

"கழட்டாதீங்க தலைவரே, அது வெள்ளனேயே சரியாயிருச்சு, சரியானதுலேர்ந்து ஒரு வண்டிகூட நிக்கலையேன்னு நான்தான் அந்தக் கருவிக்குக் கீழ ஈர வெறகை வெச்சுப் பொகைய ஊதிக்கிட்டுக் கெடக்கேன்!"