ரிஜெக்ட் அக்காவும் குழந்தைக் கட்டிலும்

விருதுநகரில் ரிஜெக்ட் அக்காவிடம் முதல் தடவையிலேயே நல்ல பெயர் வாங்கியது எதுவும் கிடையாது, மழை உட்பட. "இதெல்லாம் ஒரு தூத்தலா?" என்று வானத்தையே திருப்பி அனுப்பியவர்.

எங்கள் தெருக்காரர். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் செக்கிங் வேலை. அச்சாகி வரும் தாளில் அம்மனின் மூக்குத்தி ஒரு நூல் விலகியிருந்தாலும் "ரிஜெக்ட்!" என்று ஒதுக்கிவிடுவார். வேலை முடிந்து அவர் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அந்தச் சொல் அவர் வாயை விட்டு இறங்காது. ஒரு வாஷிங் மெஷினும் இரண்டு மாப்பிள்ளைகளும் அவர் பேச்சைக் கேட்டு வந்த வழியே திரும்பியதுண்டு.

பிரசவத்துக்குச் சாத்தூர் போயிருந்த என் மனைவி மகளோடு வீடு திரும்பும் நேரம். பழைய குழந்தைக் கட்டில் ஒன்று வாங்கப் போவதாக அக்காவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏலே, பழசா? தனியாப் போயிராத. நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார், துண்டில் சுற்றிய சுரைக்காயோடு. பஸ்ஸில் ஒரு அம்மாள் பதறி எழுந்து இடம் கொடுத்தார்.

"பச்சப்புள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது, மூஞ்சியத் திறந்து விடுங்க."

அக்கா துண்டை விலக்கிக் காட்டினார். சிவகாசி வரும்வரை அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வீடு. தேக்குக் கட்டில், பளபளவென்று பெயிண்ட்.

"வாங்க, காப்பி சாப்பிடுறீகளா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

அக்கா சுரைக்காயின் ஒல்லி முனையைக் கம்பிகளுக்கு நடுவே தள்ளினார். முக்கால்வாசி வெளியே போய், குண்டுப் பக்கம் மாட்டித் தொங்கியது.

"பாத்தீகளா? உடம்பு வழுக்கிப் போயிரும், தலை மாட்டிக்கிடும்."

"எங்க பேரன் இதுலதாங்க வளந்தான்!"

"அவனுக்கு ஆயுசு கெட்டி." அக்கா நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. "பல்லு மொளைக்கையில கட்டிலத்தான் கடிக்கும். இம்புட்டும் வயித்துக்குள்ள போகும். ரிஜெக்ட்!"

வெட்கத்தில் இரண்டு காப்பியையும் நானே குடித்துத் தீர்த்தேன்.

அடுத்தது பக்கத்து ஊரான விஸ்வநத்தம். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் தம்பதியின் வீடு. அவர்கள் பையன் வளர்ந்துவிட்டான். பெயிண்ட் இல்லாத வெறும் மரக்கட்டில். சுரைக்காய் நுனியோடு நின்றுவிட்டது. அக்கா ஒவ்வொரு திருகாணியையும் முறுக்கினார், அடியில் கைவிட்டு ஆணி நீட்டியிருக்கிறதா என்று தடவினார், நான்கு காலையும் ஆட்டினார்.

"எல்லாம் சரி. கனம் தாங்குமா?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலில் ஏறிக் கட்டிலுக்குள் இறங்கிவிட்டார்.

கட்டில் தாங்கியது. அக்காவால்தான் வெளியே வர முடியவில்லை. முழங்கால் தாடையில் இடிக்க, சுருண்டு கிடந்தார். தெருவே கூடிவிட்டது. வீட்டுக்காரர் ரம்பத்தோடு ஓடிவந்தார்.

"கம்புல கை வச்சீக, ரிஜெக்ட் ஆயிரும், பாத்துக்கோங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கடைசியில் நாலு பேர் சேர்ந்து கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்து அவரை உருட்டி வெளியே எடுத்தோம். தரையில் கிடந்தபடியே மூட்டுகளைப் பார்த்தார்.

"ஒரு இணைப்பும் அசையல. தூக்குலே வண்டியில!"

காசைக் கொடுத்துக் கட்டிலை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றினோம். பள்ளம் விழுந்த பழைய மெத்தையை மட்டும் அங்கேயே விட்டோம். ஓரத்தில் இடைவெளி விழாத, கெட்டியான புது மெத்தை கடைத்தெருவில் வாங்கினோம். மனைவி வந்த அன்று, மாமியார் ஆசையாகக் கொடுத்த தலையணையும் பொம்மைகளும் "மூஞ்சிய மூடிக்கிடும்" என்ற அக்காவின் ஒரே வார்த்தையில் கட்டிலை விட்டு வெளியேறின.

மத்தியானம் கரண்ட் போனது. புது இடம், மகள் வீறிட்டாள். அக்கா விசிறியோடு கட்டிலருகே போய் நின்றார்.

"உட்காருங்கக்கா."

"உட்கார்ந்தா கண்ணு அசந்துரும். நீங்க ரெண்டு பேரும் போய்ப் படுங்க."

சும்மா சாயலாம் என்றுதான் படுத்தோம். அசந்து தூங்கிவிட்டோம். சாயங்காலம் விழித்துப் பார்த்தபோது அக்கா அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். விசிறி மட்டும் வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியிருந்தது.